ஏரிக்கரையில் ஒரு பச்சைத் திட்டு

போன மே மாதம் மாமா ஊருக்குப் போயிருந்தேன். டேனிஷ்பேட்டையைத் தாண்டி, சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். கத்திரி வெயில். ஏரியில் முக்கால்வாசி காலி, மதகை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் ஆளுயரத் தண்ணீர். சாயங்காலமாக இரண்டு பேரும் கரைமேல் நடந்துகொண்டிருந்தோம். கரை முழுக்கப் புல் காய்ந்து பழுப்பாகக் கிடக்க, வெளிச்சரிவின் அடியில் ஓர் இடத்தில் மட்டும், நாலு பாய் விரித்த அகலத்துக்கு, கோரை பச்சைப்பசேலென்று நின்றது. இறங்கிப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தேன். சில்லென்று இருந்தது. கால் அழுந்திய குழியில் மெல்லத் தண்ணீர் ஊறியது.

"மாமா, இது என்ன?"

"அதுவா? ஊத்து. எங்கப்பா காலத்துல இருந்தே இருக்குது. ஒண்ணும் ஆகாது, வா மாப்ளே."

ஒன்றும் ஆகாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகும் என்று எனக்குத்தான் எப்படித் தெரியும்? நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவன்தான். ஆனால் பிழைப்பு வீடு கட்டுவதில். மண் கரையைப் பற்றி ஒரு பாடம் இருந்தது, பரீட்சையோடு மறந்துபோயிற்று. அந்தப் பச்சைத் திட்டுக்காகத்தான் மறுபடியும் படிக்க ஆரம்பித்தேன். எனக்குப் புரிந்ததை, ஏரிக்கரை உள்ள ஊர்க்காரர்கள் யாருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்கள். ஏரிக்கரை என்பது ஒரு மண் அணை, அவ்வளவுதான். சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கத்தை மறித்து மண்ணைக் கொட்டி இறுக்கியது. தண்ணீர் நிற்கும் பக்கம் உள்சரிவு. அலை அரிக்காமலிருக்க அதில் கல் பதித்திருப்பார்கள், அலைகல் என்பார்கள். வயல் பக்கம் வெளிச்சரிவு. பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வழி மதகு. ஏரி நிரம்பினால் மிச்சம் வழிந்து போகும் இடம் கலிங்கு. எங்கள் பக்கத்தில் கோடி என்போம். "ஏரி கோடி விழுந்துருச்சு" என்று ஒருத்தர் சொன்னால் ஊரே பார்க்கக் கிளம்பும், கிடா வெட்டுவதும் உண்டு. அந்தக் கோடியைப் பற்றிக் கொஞ்சம் கழித்து நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

ஏரி பெரிசாக இருந்தால் கரையை அதிகமாகத் தள்ளும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. தள்ளுவது ஆழம். 10 அடி ஆழமுள்ள ஏரி, 10 ஏக்கரானாலும் 1,000 ஏக்கரானாலும், கரையை ஒரே அளவில்தான் தள்ளும். அந்தத் தள்ளலைக் கணக்குப் போட்டும் பார்த்துவிடலாம். 10 அடி உயரக் கரை, தண்ணீரும் அதே உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையின் ஒவ்வோர் அடி நீளத்தையும் தண்ணீர் ஏறத்தாழ ஒன்றரை டன் விசையோடு தள்ளுகிறது. கரை மேலே 10 அடி அகலம், இரண்டு பக்கமும் ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி அகலம் என்று சரிவு என்றால் அடிப்பக்கம் 50 அடி வரும். அப்படியானால் அதே ஓர் அடி நீளக் கரையின் எடை 15 டன்னுக்கு வரும். ஒன்றரை டன் தள்ளுகிறது, 15 டன் உட்கார்ந்திருக்கிறது. நகருமா?

நகராது. ஏரித் தண்ணீர் கரையைத் தள்ளிக் கவிழ்ப்பதில்லை. ஏரி உடைந்தது என்றால், தண்ணீர் கரையின் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். கரையைப் பார்க்கப் போகிறவர் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான். தண்ணீர் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மண் போகிறதா என்று பாருங்கள்.

ஏரியின் பரப்பு வேறோர் இடத்தில் கணக்குக்கு வரும். உடைந்தால் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதற்கு. மாமா ஊர் ஏரி 20 ஏக்கர் இருக்கும். சராசரி 6 அடி ஆழம் என்று வைத்தால் 52 லட்சம் கன அடி, கிட்டத்தட்ட 14.8 கோடி லிட்டர். சேலத்தில் வெயில் காலத்தில் தெருவுக்குத் தெரு வருகிறதே 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, அதில் பன்னிரண்டாயிரம் லாரிக்கு மேல். அத்தனை லாரியும் ஒரே நேரத்தில் ஒரே தெருவுக்குள் வந்தால் எப்படி இருக்குமோ, அதுதான் ஒரு 'சின்ன' ஏரி உடைவது.

சரி, பச்சைத் திட்டுக்கு வருவோம்.

மண் கரை எதுவும் முழுசாகத் தண்ணீரை நிறுத்துவதில்லை. களிமண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத இண்டு இடுக்கு உண்டு. உள்சரிவில் நுழையும் தண்ணீர் கரைக்குள் மெல்ல இறங்கிக்கொண்டே வெளிப்பக்கம் வருகிறது. கரையை வாழைத்தண்டு மாதிரி குறுக்கே வெட்டிப் பார்த்தால், கீழே ஈரமும் மேலே காய்ந்ததுமாக, இரண்டுக்கும் நடுவில் சாய்வாக ஒரு கோடு தெரியும். அந்த ஈரக்கோடு கரைக்குள்ளேயே தாழ்ந்து, அடியில் நிலத்துக்குள் போய்விட்டால் நல்ல கரை. வெளிச்சரிவின் நடுவில் வந்து எட்டிப் பார்த்தால் ஆபத்து. அங்கே சரிவு ஊறி, சொதசொதவென்று சரிய ஆரம்பிக்கும். மாமா ஏரியில் ஈரம் அடியில் மட்டும்தான் இருந்தது. அது ஓர் ஆறுதல்.

அடுத்த கேள்வி, வருகிற தண்ணீர் வெறும் தண்ணீரா, மண்ணோடு வருகிறதா? இதற்கு ஏற்காட்டுக் காப்பியைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஃபில்டரில் தூளைப் போட்டு அமுக்கி வெந்நீர் ஊற்றுகிறோம். டிகாஷன் இறங்குகிறது, தூள் அங்கேயே இருக்கிறது. எத்தனை மணி நேரம் சொட்டினாலும் தூள் குறையாது. ஆனால் ஃபில்டரின் ஓட்டை ஒன்று பெரிசாகிவிட்டால்? முதலில் நாலு தூள் இறங்கும். அந்த இடம் இளகும். இளகின இடத்தில் தண்ணீர் வேகமாகப் போகும். வேகமாகப் போவதால் இன்னும் தூளை இழுக்கும். கொஞ்ச நேரத்தில் தம்ளரில் பாதி தூள்தான் இருக்கும்.

ஏரிக்கரையில் இதே வேலை நடப்பதற்குப் பொறியாளர்கள் பைப்பிங் என்று பேர் வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் தானாக ஒரு குழாய் உருவாவதால் அந்தப் பேர். பெரும்பாலும் அது வெளிப்பக்கத்தில், தண்ணீர் கசிந்து வெளிவரும் வாயில்தான் தொடங்கும். அங்கே ஒரு துளி மண் கழன்று விழும், அதற்குப் பின்னால் இன்னொரு துளி. இப்படி எலி வளை தோண்டுவது மாதிரி பின்பக்கமாக ஏரியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சின்ன ஊற்று. ஏரியைத் தொடுகிற நிமிஷம் வரைக்கும் அது சின்ன ஊற்றாகத்தான் தெரியும். தொட்டுவிட்டால் அப்புறம் நாள் கணக்கில்லை, மணி கணக்குதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்று 300 அடி உயர மண் அணை ஒன்று இருந்தது. 1976 ஜூன் 5 காலையில் அதன் பக்கத்தில் கலங்கலாகக் கசிவு வருவதைப் பார்த்தார்கள். ஓட்டையை மூட புல்டோசர் கொண்டுபோனார்கள். மதியம் 12 மணிக்கு முன்னால் அணை போய்விட்டது. அதுவும் கட்டி முடித்து முதல் முறையாக நிரப்பும்போதே. 11 பேர் இறந்தார்கள்.

அதனால் கசிவைப் பார்த்தால் கண்ணாடி டம்ளர் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். எவர்சில்வர் வேண்டாம். கசிந்து வரும் தண்ணீரைக் கலக்காமல் பிடித்து, நிழலில் அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். அடியில் எதுவும் படியவில்லை என்றால் நல்லது. நுண்ணிய மணலோ சேறோ படிந்தால், அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். இரண்டு விஷயத்தில் ஏமாற வேண்டாம். மழை பெய்த உடனே எடுத்தால் மேல் மண் கரைந்து கலங்கலாகத்தான் இருக்கும், ஒருநாள் விட்டு எடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று ஒரு கசடு மிதந்தால் அது பெரும்பாலும் இரும்புத் துரு சேர்ந்த பாசி மாதிரியான ஒன்று, கரை மண் இல்லை. மாமா ஏரியின் டம்ளரில் அடியில் ஒரு செத்த எறும்புதான் இருந்தது.

பைப்பிங் எங்கே வேண்டுமானாலும் வரும் என்றாலும், அதற்குப் பிடித்த இடங்கள் சில உண்டு. முதலிடம் மதகு. மண்ணுக்கு நடுவில் கல்லோ சிமென்ட் குழாயோ போகும்போது, அந்தக் கல்லும் மண்ணும் ஒட்டுகிற ஓரம் எப்போதும் பலவீனம். குழாயின் அடிவயிற்றில் மண்ணைக் குத்தி இறுக்குவது கஷ்டம், கூலிக்கு வந்தவர்கள் அங்கே கை விட்டுப் பார்ப்பதும் இல்லை. தண்ணீருக்கு அந்த ஓரம் ராஜபாட்டை. மதகு மூடியிருக்கும்போது வெளிவாயில் போய் நின்று பாருங்கள். குழாய்க்குள்ளிருந்து தெளிவாகச் சொட்டினால் அது பெரும்பாலும் மதகுக் கதவின் கோளாறு, பெரிய ஆபத்தில்லை. குழாய்க்கு வெளியே, சுற்றுச் சுவரின் ஓரத்திலிருந்து வந்தால் அது வேறு கதை.

அடுத்தது வளைகள். நண்டு, எலி, பெருச்சாளி, உடும்பு. நண்டைச் சொன்னால் சிரிப்பு வருகிறதா? மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்தின் திவரே அணை 2019 ஜூலை 2 அன்று ராத்திரி உடைந்து, ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். அது சின்ன மண் அணைதான், கட்டி முடித்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. நண்டுகள் வளை தோண்டியதால்தான் உடைந்தது என்று அந்த மாநில அமைச்சர் ஒருவர் சொல்லப்போய், நாடே கேலி செய்தது. கேலி நியாயம்தான், ஏனென்றால் கசிவு இருக்கிறது என்று ஊரார் முன்னாடியே புகார் சொல்லியிருந்தார்கள். ஆனால் நண்டு வளை கரைக்கு ஆகாது என்பதும் உண்மைதான். 10 அடி நீள வளை என்றால், தண்ணீருக்கு 10 அடி வேலை மிச்சம். வளை இருக்கிறது என்று தெரிந்தும் மூடாமல் விட்டவரைத்தான் கேட்க வேண்டும், நண்டை இல்லை.

கறையான் புற்று இன்னும் சிக்கல். மேலே தெரிவது கொஞ்சம், கீழே அறை அறையாகக் காலி. தோண்டி எடுத்து, களிமண்ணைக் குத்தி நிரப்ப வேண்டும். ஆனால் நம் பக்கத்தில் கரைமேல் புற்று வந்தால் மறுவாரமே அதற்கு மஞ்சள் குங்குமம் ஏறிவிடும், ஆடி மாதம் பால் ஊற்றுவார்கள். அப்புறம் யார் கடப்பாரை போடுவது? மாமா ஊரில் அப்படி ஒரு புற்று மதகிலிருந்து நாற்பது அடியில் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. அத்தைதான் பூசாரியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

மரங்களைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி. வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது ஒன்று, வேர் கரையைப் பிளக்கும் என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை. உயிருள்ள வேரைவிடச் செத்த வேர்தான் தொல்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி அடிக்கட்டையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நாலைந்து வருஷத்தில் அது மக்கி, கை நுழைகிற குழாயாகக் கரைக்குள் கிடக்கும். பெரிய மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். பனை அப்படி இல்லை, அதன் வேர் கட்டை கட்டையாக இல்லாமல் சல்லிச் சல்லியாகப் பரவும், பெரிய துளை விடாது. நம் முன்னோர் கரையில் பனையை விட்டதில் காரணம் இருக்கிறது. ஆனாலும் என்னைக் கேட்டால் சரிவுக்கு அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும். புல்லாக இருந்தால் வளையும் வெடிப்பும் ஈரமும் கண்ணுக்குத் தெரியும். முள்காடாக இருக்கிற கரையில் என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாதே.

இப்போது கோடி.

உலகம் முழுக்க மண் அணைகள் உடைந்ததற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று இதுவரை சொன்னது, உள்ளே அரிப்பு. இன்னொன்று, தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிவது. இந்த இரண்டுமே பெரும்பாலான உடைப்புகளுக்குக் காரணம். மேட்டூர் அணை கல்லும் காரையும். 1934இலிருந்து நிற்கிறது, 120 அடி நிரம்பினால் மிச்சத்தைப் பதினாறு கண் மதகு வழியாக விட்டுவிடுவார்கள். கல் அணையின் தலைமேல் கொஞ்சம் தண்ணீர் புரண்டாலும் கல் சட்டென்று கரைந்துவிடாது. மண் கரைக்கு அந்தப் பொறுமை கிடையாது. மேலேறிய தண்ணீர் வெளிச்சரிவில் வேகமாக இறங்கும்போது முதலில் புல்லைப் பிடுங்கும், பிறகு அடியில் ஒரு படி வெட்டும், அந்தப் படி பின்னோக்கி வெட்டிக்கொண்டே மேலே வரும். அதனால் கோடி எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பதுதான் கரையின் ஆயுள்.

கோடியின் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல்தான் ஊரில் பல பேர் தப்பு செய்கிறார்கள். 30 அடி நீளக் கோடி ஒன்று. அதன்மேல் 2 அடி உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் நொடிக்கு ஏறத்தாழ 260 கன அடி போகும். ஓர் அடி உயரத்துக்கு வழிந்தால்? பாதி, 130 என்று தோன்றும். இல்லை, 90 தான். உயரம் குறையக் குறைய வேகமும் சேர்ந்து குறைகிறது. அதாவது கோடிமேல் ஓர் அடிக்கு மணல் மூட்டை அடுக்கினால், கோடிக்குப் பாதிச் சக்தி மிச்சம் என்று நினைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம்.

மணல் மூட்டை ஏன் அடுக்குகிறார்கள்? "இன்னும் ஓர் அடி நின்னா ஒரு போகம் கூட வரும்" என்பதற்காக. ஆசை புரிகிறது, ரெண்டு வருஷம் காய்ந்த ஊரில் அதைக் குற்றம் சொல்லவும் மனசு வராது. ஆனால் அந்த மூட்டைகளை ஐப்பசியில் ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் போய் யார் எடுப்பார்கள்? இன்னொன்று மீன் வலை. ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர், கோடி விழும்போது மீன் ஓடிவிடக் கூடாது என்று குறுக்கே வலை கட்டிவிடுவார். வலைக்குள் தண்ணீர் போகுமே, என்ன கெட்டது என்று கேட்கலாம். முதல் கால் மணி நேரம் போகும். அப்புறம் ஆகாயத்தாமரை வந்து ஒட்டும், பிளாஸ்டிக் வந்து ஒட்டும், தென்னை ஓலை வந்து சாயும். வலை சுவராகிவிடும்.

எங்கள் பக்கத்தில் இதற்குக் கூடுதல் அவசரம் உண்டு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மலையில் கொட்டும் மழை சரபங்காவுக்கும் திருமணிமுத்தாற்றுக்கும் போகும் ஓடைகளில் நிதானமாக இறங்காது, விழுந்தடித்துக்கொண்டு வரும். அடிவாரத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே ஓடையில் செந்தண்ணீர் வந்துவிடும். அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்து, பாதி மண்ணில் இறங்கி, பாதி ஓடி வந்தாலே 5 கோடி லிட்டர். மாமா ஏரியின் மூன்றில் ஒரு பங்கு, ஒரே ராத்திரியில். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில், சேர்வராயனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

ஆந்திராவில் ராஜம்பேட்டை பக்கத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையில், 2021 நவம்பர் 19 அன்று, வெள்ளம் மண் கரைமேல் ஏறிக் கரை அடித்துப் போனது. ஐந்து ஷட்டர்களில் ஒன்று திறக்க முடியாத நிலையில் இருந்தது. வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மூட்டை, வலை, ஷட்டர் எல்லாம் ஒரே கணக்குத்தான்.

கரையின் உயரத்தையும் பாருங்கள். சராசரி உயரத்தைப் பார்ப்பதில் பயனில்லை, மிகவும் தாழ்ந்த இடம் எது என்று பாருங்கள். மாடு ஏறி இறங்கித் தேய்ந்த தடம், டிராக்டர் போக வெட்டிய பள்ளம், இப்படி எங்காவது ஓர் அடி தாழ்ந்திருந்தால் மொத்த ஏரியும் அந்த வழியாகத்தான் புறப்படும். கட்டடக்காரர்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய், ட்யூப் லெவல், போதும், இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். நாங்கள் பிடித்தபோது தாழ்ந்த இடம் எங்கே வந்தது தெரியுமா? மாமா வீட்டு மாடு இறங்கும் தடம்.

மலைமேல் இருக்கிற நண்பர் ஒருவருக்காக ஒரு விஷயம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில், மார்ச் ஏப்ரலில் பூ பிடிக்கத் தண்ணீர் அடிப்பதற்குத் தோட்டத்துக்குள்ளேயே சின்னக் குட்டைகள் கட்டிக்கொள்கிறார்கள். ஜேசிபியை வைத்து மண்ணை அள்ளிக் குறுக்கே கொட்டி, அதன்மேலேயே இரண்டு தரம் ஓட்டி, வேலை முடிந்தது என்பார்கள். மண் கரை அப்படிக் கட்டுவதில்லை. முக்காலடி உயரத்துக்கு ஒரு படலம், அதை இறுக்கி, பிறகு அடுத்த படலம். மண்ணில் ஈரமும் அளவாக வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்தக் காலத்தில் மண்ணைப் பரப்பி மாட்டை ஓட்டி மிதிக்கவிட்டார்கள். மாட்டுக் குளம்பு சின்ன இடத்தில் பெரிய எடையை இறக்கும். ஜேசிபியின் அகலச் சக்கரம் மேலே மட்டும் தட்டையாக்கிவிட்டுப் போகும்.

மண்ணே சரியில்லாமலும் இருக்கலாம். சில களிமண் பார்க்க இறுக்கமாக இருக்கும், தண்ணீர் பட்டதும் சர்க்கரை மாதிரி தானாகக் கரைந்துவிடும். கண்டுபிடிக்க லேப் வேண்டாம். கரை மண்ணில் சுண்டைக்காய் அளவு கட்டி ஒன்று எடுத்து, கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீரை ஊற்றி மெல்ல உள்ளே போடுங்கள். போர் தண்ணீர் கூடாது, அதில் இருக்கும் உப்பு மண்ணைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிஷம் தொடாதீர்கள். கட்டி உதிர்ந்து குவியலாக உட்கார்ந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு கலங்கல் கிளம்பி டம்ளர் முழுக்கப் பரவினால், அந்த மண்ணால் கட்டிய கரையில் ஒரு விரல் கசிவையும் அலட்சியம் செய்யாதீர்கள். நண்பர் ஏழு இடத்து மண்ணை ஏழு டம்ளரில் போட்டுப் போட்டோ அனுப்பினார். ஆறு தெளிவு, ஒன்று பால் மாதிரி. அந்த ஒன்று, வெளியிலிருந்து லாரியில் வாங்கிப் போட்ட மண்.

வெடிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரையின் நீளவாக்கில் போகும் வெடிப்பு, ஒரு பக்கச் சரிவு இறங்கப்போகிறது என்பதற்கு அடையாளம். குறுக்குவாக்கில், ஏரியிலிருந்து வயலை நோக்கிப் போகும் வெடிப்பு அதைவிட மோசம், அது தண்ணீருக்குப் போட்டுக்கொடுத்த தடம். கோடையில் வரும் மேலோட்டமான வெடிப்பு வேறு, ஒரு கம்பியை விட்டுப் பார்த்தால் ஆழம் தெரியும். அப்புறம், மீன் பிடிப்பதற்காக நாலு மோட்டார் வைத்து ஏரியை ஒரே மூச்சில் இறைப்பதும் கரைக்கு நல்லதில்லை. உள்சரிவுக்குள் ஊறிய தண்ணீர் வெளியே வர நேரமில்லாமல், வெளியில் தாங்கிப் பிடித்த தண்ணீர் மட்டும் போய்விட, ஊறிப்போன சரிவு அப்படியே வழுக்கி இறங்கும்.

இதையெல்லாம் யார் பார்க்க வேண்டும்? 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்குள் வருபவற்றுக்கும்தான். வாழப்பாடிப் பக்கத்து ஆனைமடுவு அணையின் நீர்மட்டமே 67.25 அடி, அது உள்ளே வரும். மூன்று மீட்டர் உயர ஏரிக்கரை வராது. ஏரித் தண்ணீர் பாயும் நிலம், அதாவது ஆயக்கட்டு, 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம் என்பது பொதுவான பிரிவு. எங்கள் மனுவை வாங்கிய ஓர் அலுவலகம் அடுத்த அலுவலகத்தைக் காட்டியது, அது திரும்ப முதலாவதைக் காட்டியது. அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அதனால் கரையடியில் இருக்கிறவர் பார்ப்பதுதான் முதல் பார்வை.

ஒருவேளை கலங்கலாக ஊற்று கிளம்பிவிட்டால்? எல்லோருக்கும் கை முதலில் போவது, வெளியே அந்த வாயை அடைக்கத்தான். அடைக்கக் கூடாது. அங்கே அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வாயைத் திறக்கும். மறுபடியும் காப்பி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊற்றின்மேல் முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய கல் என்று போட வேண்டும். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், மண் உள்ளே நின்றுவிடும். வேகமாகக் கொப்பளித்தால் சுற்றிலும் மணல் மூட்டையைக் கிணற்று உறை மாதிரி வட்டமாக அடுக்குங்கள். உள்ளே தண்ணீர் ஏறி நின்றால் அந்த எடையே ஊற்றை அமுக்கும். இதற்குள் கோடியையும் மதகையும் திறந்து மட்டத்தைக் குறைக்க வேண்டும், கீழே குடியிருப்பவர்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்ப வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

மாமா ஊரில் நாங்கள் செய்தது சின்ன வேலை. கரையடியைத் தோண்டாமல், ஈரத் திட்டிலிருந்து நாலடி தள்ளி ஒரு சிறு வாய்க்கால் இழுத்து, அதன் முனையில் ஒரு துண்டு பிவிசி குழாய் பதித்தோம். கீழே 20 லிட்டர் பெயின்ட் டப்பா. நிரம்ப எத்தனை நொடி என்று போனில் பார்த்து, தேதியும் ஏரி மட்டமும் சேர்த்து மதகுச் சுவரில் சாக்பீஸால் எழுதுவது. ஏரி ஏறினால் கசிவும் கொஞ்சம் ஏறும், அது சகஜம். மட்டம் அப்படியே இருக்க, நொடி மட்டும் குறைந்துகொண்டே வந்தால் உள்ளே வழி பெரிசாகிறது. மாமாவுக்கு முதலில் சிரிப்பு. இரண்டு வாரம் கழித்து அவரே சுவரில் கட்டம் போட்டிருந்தார். மழை சாக்பீஸை அழித்துவிடுகிறது என்று இப்போது கரிக்கட்டை.

போன ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி போன் செய்தார். ஏற்காட்டில் நல்ல மழை, கோடி விழ இன்னும் ஓர் அடிதான் பாக்கி.

"எழுவத்தி ரெண்டு நொடி மாப்ளே. போன வாரமும் அதே தான். டம்ளர்ல அடியில ஒண்ணும் இல்ல."

"கோடியில வலை?"

"எடுக்கச் சொல்லியாச்சு. குத்தகைக்காரன் ஒரு மொற மொறச்சான். எங்கிட்ட எதுக்கு மொறைக்கிற, செவுத்துல எழுதியிருக்கறத வந்து பாருடான்னேன்."

"வந்து பாத்தாரா?"

"பாத்தான். டப்பா நெரம்பற வரைக்கும் நின்னு அவனும் எண்ணிட்டுத்தான் போனான்."